ரப்பர் டிராக் லோடர் பராமரிப்பு: மாலையில் தொடங்கிக் காலையில் முடிக்க வேண்டிய வேலைகள்

சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் டிராக்கில் ஓடும் சிறிய லோடரைப் புதிதாகக் கையாள்பவர்கள், பராமரிப்பு என்றால் காலையில் சாவி போடுவதற்கு முன் ஆயில் பார்ப்பது என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இயந்திரத்துக்கு அது போதாது. அன்றாட வேலைகளில் பாதிக்கு மேல் முந்தைய நாள் மாலையிலேயே, சேறு காய்வதற்கு முன்பும் பின்கள் (மூட்டுகளின் அச்சாணிகள்) சூடாக இருக்கும்போதும் செய்ய வேண்டியவை. மீதமுள்ளவை எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பிறகே சரியான அளவைக் காட்டக்கூடியவை. வேலைகளை மட்டும் தெரிந்துகொண்டு வரிசையை மாற்றிச் செய்தால், செய்தும் பயனில்லாமல் போகிறது. ஆகவே இந்த வழிகாட்டி மாலையில் தொடங்குகிறது.

இங்கே சொல்பவை ஏறக்குறைய 3 முதல் 5 டன் எடையும், டீசல் எஞ்சினும், ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவும் (ஆயில் அழுத்தத்தால் டிராக்கைச் சுழற்றும் அமைப்பு), கிரீஸ் சிலிண்டரால் இறுக்கப்படும் டிராக்கும் கொண்ட லோடருக்குப் பொருந்தும். இடைவெளிகளும் அளவுகளும் மாடலுக்கு மாடல் மாறுபடும் என்பதால், இங்குள்ள எண்ணும் உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் உள்ள எண்ணும் வேறுபட்டால் கையேட்டில் உள்ளதையே பின்பற்ற வேண்டும்.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

கிரீஸ் கன், லித்தியம் வகை இ.பி.2 கிரீஸ், டிராக்கிடையே சேற்றைக் குத்தி எடுக்க நீண்ட கைப்பிடியுள்ள குறுகிய மண்வெட்டி, டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவு இறுக்கத்துக்கு முறுக்கும் ஸ்பேனர்), எஃகு அளவுகோல், டார்ச் விளக்கு, கண்ணுக்கு அணியும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, சுத்தமான புனல், மூடியுள்ள ஆயில் கேன்கள், ஒரு பெரிய அட்டைத் துண்டு ஆகியவை எப்போதும் வண்டியோடு இருக்க வேண்டும். அட்டை எதற்கு என்பது 10ஆம் பகுதியில் வருகிறது.

துடைக்கும் துணியில் கவனம் தேவை. பட்டறைகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் வேஸ்ட் பஞ்சு, கையைத் துடைக்கவும் வெளிப்பாகங்களைத் துடைக்கவும் ஏற்றது. ஆனால் ஹைட்ராலிக் கப்ளிங், ஆயில் ஊற்றும் வாய், டிப்ஸ்டிக் ஆகியவற்றுக்கு நூல் உதிராத பருத்தித் துணியே வேண்டும். உதிரும் ஒரு நூல், வால்வின் மெல்லிய இடைவெளியில் சிக்குவதற்குப் போதுமானது.

ஃபில்டர்களை இயந்திரத்தின் சீரியல் எண்ணைக் காட்டியே வாங்குங்கள். ஒரே மாடலில் ஆண்டு மாறும்போது எஞ்சின் மாறியிருக்கக்கூடும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஃபில்டர்களின் உள்வால்வு அழுத்தமும் வடிகட்டும் நுண்மையும் வேறாக இருக்கலாம்.

2. இயந்திரத்தை நிறுத்தும் முறை

சமதளத்தில் நிறுத்தி, தூக்குக் கைகளை முழுவதும் இறக்கி, பக்கெட்டைத் தரையில் தட்டையாக வைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட வேண்டும். கடினமாக உழைத்த எஞ்சினைச் சில நிமிடங்கள் ஐடிலில் (பாரமில்லாத குறைந்த வேகத்தில்) ஓடவிட்ட பிறகே அணைக்க வேண்டும்; டர்போ உள்ள எஞ்சினில் உடனே அணைத்தால், சூடேறிய டர்போவின் பேரிங்குக்கு ஆயில் ஓட்டம் நின்று, உள்ளே தங்கிய ஆயில் கருகிப் படிகிறது.

எஞ்சினை அணைத்த பிறகு, கையேடு சொல்லும் முறைப்படி ஹைட்ராலிக் அழுத்தத்தை விடுவித்து, சாவியை எடுத்துவிட வேண்டும். சாவி எவரிடம் இருக்கிறதோ அவரே வேலை செய்பவராக இருப்பது நல்லது.

கைகளைத் தூக்கிய நிலையில் செய்ய வேண்டிய வேலை எதுவாயினும், இயந்திரத்தோடு வந்த தாங்குதண்டைப் பொருத்தாமல் கைகளின் அடியில் தலையை நீட்டக் கூடாது. பல மாடல்களில் தண்டைப் பொருத்துவது இருவர் செய்ய வேண்டிய வேலையாகும்: ஒருவர் பெல்ட் போட்டு இருக்கையிலேயே அமர்ந்திருக்க, மற்றவர் வெளியிலிருந்து பொருத்த வேண்டும். மரக்கட்டையை முட்டுக்கொடுத்து வேலை செய்யும் பழக்கம் இன்னும் பல சைட்டுகளில் உண்டு. ஒரு ஹோஸ் வெடித்தால் அந்தக் கட்டை நழுவிவிடும். கேபினைச் சாய்த்துத் திறக்கும் மாடல்களில் கேபினின் பூட்டு விழுந்திருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டே உள்ளே கை வைக்க வேண்டும்.

3. மாலை: டிராக்குகளைச் சுத்தம் செய்தல்

நாள் முழுவதும் செய்யும் வேலைகளில் ஒன்றை மட்டுமே தவறாமல் செய்ய முடியும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். டிராக்கின் உள்பக்கத்தில், ரோலர்களுக்கும் (டிராக்கின்மேல் உருளும் உருளைகள்) ஐட்லருக்கும் (டிராக்கின் முனையில் உள்ள வழிகாட்டும் சக்கரம்) ஸ்ப்ராக்கெட்டுக்கும் (டிராக்கை இழுக்கும் பல்சக்கரம்) இடையே அடைந்திருக்கும் களிமண் ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியால் சில நிமிடங்களில் வந்துவிடும். இரவு முழுவதும் விட்டுவிட்டால் அது செங்கல்லைப் போல் இறுகிவிடும். காலையில் அந்த நிலையில் வண்டியை நகர்த்தினால் ரோலர் சுழலாமல் டிராக்கின்மேல் இழுபட்டு, ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிறது. தட்டையான ரோலர் அதன்பின் சுத்தமான நாளிலும் சரியாகச் சுழலாது.

முதலில் மண்வெட்டியால் பெரிய கட்டிகளை எடுத்துவிட்டு, பிறகுதான் தண்ணீர் அடிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் தண்ணீர் அடித்தால் மேல்சேறு மட்டும் கரைந்து, உள்ளே இருப்பது மேலும் இறுகி அமர்ந்துகொள்ளும். பிரஷர் வாஷரின் முனையை ரோலர், ஐட்லர் ஆகியவற்றின் சீல்களுக்கு நேராகவும் நெருக்கமாகவும் பிடிக்கக் கூடாது. சீலைத் தாண்டி உள்ளே போகும் தண்ணீர் பேரிங்கின் ஆயிலையோ கிரீஸையோ வெளியேற்றிவிடும். மின் இணைப்புகள், ஆல்டர்னேட்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றின் பக்கம் அதைத் திருப்பவே கூடாது.

கம்பித்துண்டு, கட்டுக்கம்பி, தார்ப்பாய்க் கிழிசல், சணல் கயிறு ஆகியவை ஸ்ப்ராக்கெட்டின் அச்சில் சுற்றிக்கொள்ளும். கட்டட வேலை நடக்கும் இடங்களில் இது அன்றாடம் நேர்வது. சுற்றிய கட்டுக்கம்பி ஃபைனல் டிரைவின் (ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் கியர் பெட்டி) சீலை மெல்ல அறுத்துவிடும் என்பதால், டார்ச் அடித்துப் பார்த்து அன்றே வெட்டி எடுக்க வேண்டும்.

டிராக்கின்மேல் டீசல், ஆயில், கிரீஸ் சிந்தியிருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். இவை ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும். உப்பு, உரம், மாட்டுச்சாணம் கலந்த இடங்களில் வேலை செய்த நாளிலும் நல்ல தண்ணீரால் கழுவுவது அவசியம். ரப்பரில் சிறு வெட்டு இருந்தால் இவை அதன் வழியே உள்ளிருக்கும் எஃகுக் கம்பிகளை அடைந்து துருப்பிடிக்கச் செய்கின்றன.

4. மாலை: கிரீஸ் அடித்தல்

பலர் கிரீஸைக் காலையில் அடிக்கிறார்கள். மாலையில் அடிப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பின்னும் புஷ்ஷும் சூடாக இருப்பதால் கிரீஸ் எளிதாக உள்ளே பரவும். பகலில் உள்ளே புகுந்த ஈரமும் தூசியும், இரவு முழுவதும் தங்கித் துருவாக மாறுவதற்கு முன்பே வெளியே தள்ளப்படும்.

தூக்குக் கைகளின் மூலப் பின்கள், தூக்கு சிலிண்டர்களின் இரு முனைகள், பக்கெட் சாய்க்கும் சிலிண்டர்களின் இரு முனைகள், குவிக் கப்ளரின் (பக்கெட்டை மாட்டிக் கழற்றும் தகடு) சுழல் பின்கள், அதன் பூட்டு ஆப்புகள் ஆகியவை வழக்கமான இடங்கள். புதியவர்கள் கைக்கு எட்டும் நிப்பிள்களுக்கு (கிரீஸ் ஏற்றும் முனைகள்) மட்டும் அடித்துவிட்டு, மேலேயும் பின்னாலும் உள்ள மூலப் பின்களை மறந்துவிடுகிறார்கள்; அவற்றின்மேல்தான் சுமை அதிகம். நிப்பிள்களின் எண்ணிக்கையைக் கையேட்டில் பார்த்து, கேபினுக்குள் ஓரிடத்தில் பெயிண்டால் எழுதி வையுங்கள். அடித்து முடித்தபின் எண்ணிக்கை ஒத்துவர வேண்டும்.

நிப்பிளைத் துடைக்காமல் கன்னை மாட்டினால், நிப்பிளின்மேல் இருந்த மணல் முதலில் உள்ளே போகும். துடைத்து, மாட்டி, பழைய கிரீஸ் ஓரத்தில் கசியும்வரை அடித்து, கசிந்ததைத் துடைத்துவிட வேண்டும். கிரீஸ் ஏறவில்லையென்றால் நிப்பிள் அடைத்திருக்கிறது என்று பொருள்; அதைக் கழற்றி மாற்றுவது சில நிமிட வேலை, விலையும் மிகக் குறைவு. அந்த நிப்பிளைத் தவிர்த்துவிட்டுப் போனால், சில மாதங்களில் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து கை ஆட்டம் கண்டு, துளையையே வெல்டிங் வைத்துக் கடைய வேண்டிய நிலை வரும்.

5. மாலை: டீசல் நிரப்புதல்

டேங்க் பாதி காலியாக இரவைக் கழித்தால், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் டேங்கின் சுவரில் நீர்த்துளியாகப் படிந்து டீசலில் சேரும். மாலையிலேயே நிரப்பிவிட்டால் அந்தக் காற்றுக்கு இடமில்லை.

கேனில் கொண்டுவந்து ஊற்றுபவர்கள் கேனைச் சற்று நேரம் அசையாமல் வைத்திருந்து, வலையுள்ள புனல் வழியே ஊற்றி, அடியில் உள்ள கடைசிக் கொஞ்சத்தை ஊற்றாமல் விட்டுவிட வேண்டும். தண்ணீரும் கசடும் அங்கேதான் இருக்கும். மூடியைத் திறக்கும் முன் அதைச் சுற்றியுள்ள தூசியைத் துடைப்பதும் இதில் சேரும்.

6. காலை: எஞ்சினைத் தொடங்குவதற்கு முன்

முதல் வேலை, டீசல் ஃபில்டருக்கு அடியில் உள்ள வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து தண்ணீரை வடிப்பது. இரவு முழுவதும் அசையாமல் இருந்ததால் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். எஞ்சினை ஓட்டிவிட்டு வடித்தால் அது கலங்கி டீசலோடு போய்விடும். தண்ணீர் நின்று தெளிந்த டீசல் வரும்வரை வடித்து, வால்வைக் கையால் மட்டும் மூட வேண்டும். ஸ்பேனர் வைத்து இறுக்கி உடைந்த பிளாஸ்டிக் வால்வுகள் ஏராளம்.

அடுத்தது எஞ்சின் ஆயில். டிப்ஸ்டிக்கை ஒருமுறை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவது பாதுகாப்பு அன்று. அதிக ஆயிலைக் கிராங்க் கடைந்து நுரையாக்கும், நுரைத்த ஆயில் பேரிங்கைக் காக்காது. கோட்டைத் தாண்டி அளவு தானாகவே உயர்ந்திருந்தால், டீசலோ கூலன்ட்டோ ஆயிலில் கலக்கிறது என்று கொண்டு, ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

கூலன்ட்டை எக்ஸ்பான்ஷன் டேங்கின் கோட்டில் பார்க்கலாம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் மதிய வேளையில் வண்டி சூடேறி நின்றால் முதலில் திறக்கப்படுவது அந்த மூடிதான். நம் ஊரில் பனி உறைவதில்லையே, வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட், சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். அதைவிட முக்கியமாக, அதில் உள்ள துருத்தடுப்பான் எஞ்சினின் உள்சுவரையும் வாட்டர் பம்ப்பையும் காக்கிறது. போர்வெல் தண்ணீரை ஊற்றினால் அதன் உப்பு உள்ளே படிந்து வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கும். குறைந்தால் அதே வகைக் கூலன்ட்டையே சேர்க்க வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்து வேறு வகையைக் கலக்கக் கூடாது.

கடைசியாக ஹைட்ராலிக் ஆயில். கைகள் இறங்கி, பக்கெட் தட்டையாக இருந்தால் மட்டுமே சைட் கிளாஸில் (டேங்கின் ஆயில் மட்டத்தைக் காட்டும் கண்ணாடி) தெரியும் அளவு உண்மையானது. கைகள் தூக்கிய நிலையில் டேங்கிலிருந்த ஆயிலின் ஒரு பகுதி சிலிண்டர்களுக்குள் போயிருக்கும். அப்போது குறைவாகத் தெரிகிறதென்று ஊற்றினால், கைகளை இறக்கியதும் டேங்க் நிரம்பி மூச்சுத்துளை வழியே வழியும். அளவோடு நிறத்தையும் பாருங்கள். பாலைப்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்திருந்தால் உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்று புகுகிறது. கறுத்துக் கருகிய வாடை வந்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. மூன்றுக்கும் மேலே ஆயில் ஊற்றுவது தீர்வாகாது.

7. காற்று செல்லும் வழிகள்

ஏர் ஃபில்டரை அடிக்கடி திறப்பதே அதற்குச் செய்யும் பெரிய கெடுதல். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உறையில் படிந்த தூசி கொஞ்சம் சுத்தமான பக்கத்தில் விழுகிறது. அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் சிவப்பைக் காட்டினால் அல்லது திரையில் எச்சரிக்கை வந்தால் மட்டும் திறக்க வேண்டும். அன்றாடம் செய்ய வேண்டியது, உறையின் அடியிலுள்ள ரப்பர் வால்வை அழுத்தித் தூசியை உதிர்ப்பது மட்டுமே.

ஃபில்டரை டயரில் தட்டியும், கம்ப்ரசர் காற்றை ஊதியும் சுத்தம் செய்வது சாதாரணமாகக் காணக்கூடியது. தட்டினால் உலோக விளிம்பு நெளிந்து, சீல் ஒரு பக்கம் அமராது. காற்று அடித்தால் தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். எம்-சாண்ட் தூசியில் வேலை செய்யும் எஞ்சினுக்கு அந்தக் கிழிசலே எமன். வெளி ஃபில்டரை மாற்றுங்கள். உள் ஃபில்டரை எப்போதும் சுத்தம் செய்யாமல், கையேடு சொல்லும்போது, பல மாடல்களில் வெளி ஃபில்டரை மூன்று முறை மாற்றும்போது ஒரு முறை, புதிதாகப் போடுங்கள்.

ரேடியேட்டரையும் ஆயில் கூலரையும் எஞ்சின் குளிர்ந்தபின், ஃபேன் காற்று செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் மெல்லிய காற்றால் ஊத வேண்டும். ஒரே திசையில் ஊதினால் தூசி இன்னும் ஆழமாகவே போகும். வைக்கோல், கரும்புத் தோகை, தென்னை நார் ஆகியவற்றில் வேலை செய்த நாள்களில் சைலன்சரைச் சுற்றியும் எஞ்சின் அடித்தட்டிலும் சேர்ந்த சருகை மறக்காமல் அள்ள வேண்டும். இந்த வகை இயந்திரங்கள் தீப்பிடிப்பதற்கு அது முக்கியக் காரணம்.

டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள எஞ்சினில், நிறுத்தி வைத்து நடத்தும் ரீஜெனரேஷனை, அதாவது பிடித்த கரியை எரித்து நீக்குவதை, காய்ந்த புல்மேலோ வைக்கோல் அருகிலோ தொடங்காதீர்கள். அப்போது புகைக்குழாய் வழக்கத்தைவிட மிக அதிகமாகச் சூடேறும். மணிக்கணக்கில் ஐடிலில் விட்டு வைத்தால் ஃபில்டரில் புகைக்கரி விரைவில் அடையும் என்பதையும் ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டும்.

8. பூட்டும் தடுப்பும்

திறந்த வெளியில், அருகில் எவரும் இல்லாதபோது இதைச் சோதிக்க வேண்டும். பெல்ட் போட்டு, மடித்தடுப்புக் கம்பியை இறக்கி, எஞ்சினை ஐடிலில் வைத்து, கைகளைச் சற்றே உயர்த்தும்போது கம்பியைத் தூக்கினால் கைகள் நிற்க வேண்டும். மெதுவாக முன்னே நகரும்போது தூக்கினால் டிராக் நிற்க வேண்டும். நிற்காத வண்டியை அன்று வேலைக்கு அனுப்பக் கூடாது. கம்பி சரியாக வேலை செய்யாதபோது அதன் ஸ்விட்சை ஒயர் போட்டு இணைத்துவிட்டு ஓட்டுவதை ஒரு பழுதுபார்ப்பாகவே கருத முடியாது.

பக்கெட்டையோ வேறு கருவியையோ மாட்டியபின், நெம்புகோல்கள் மடங்கியிருப்பதை மட்டும் பார்த்து நிறைவடையாமல், இரண்டு ஆப்புகளும் கருவியின் துளைகளுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பதை இறங்கிப் பார்க்க வேண்டும். துளையில் அடைந்த மண்ணால் ஆப்பு பாதியில் நிற்பதுண்டு.

9. டிராக் இறுக்கம்: ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை

புதிய டிராக் போட்ட முதல் சில நாள்களில் இதை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். ரப்பரும் இணைப்புகளும் படியும்போது இறுக்கம் மாறும்.

முதலில் டிராக்கைச் சுத்தம் செய்யுங்கள். சேறு அடைந்த டிராக் இறுக்கமாகவே காட்டும். அதை நம்பித் தளர்த்தினால், சேறு விழுந்ததும் டிராக் தொங்கும். பிறகு கையேடு காட்டும் இடங்களில் ஜாக்கி வைத்து, டிராக் தரையைத் தொடாதவாறு வண்டியைத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் அமர்த்த வேண்டும். பக்கெட்டை அழுத்தி வண்டியைத் தூக்கி, அந்த நிலையிலேயே அடியில் கை நீட்டுவது ஹைட்ராலிக்கை நம்பி உயிரை வைப்பதாகும்.

தொங்கும் நிலையில், நடு ரோலரின் அடிப்பகுதிக்கும் டிராக்கின் உள்பரப்புக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளக்க வேண்டும். பல மாடல்களில் இது ஓரிரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். சரியான எண் கையேட்டில் இருக்கிறது. இரு பக்கங்களையும் தனித்தனியே அளக்க வேண்டும், ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்கக் கூடாது.

இடைவெளி அதிகமாக இருந்தால், பக்கவாட்டு மூடியைத் திறந்து, இறுக்கு சிலிண்டரின் நிப்பிளைத் துடைத்து, கிரீஸை மெதுவாக அடித்து, நடுநடுவே அளந்து பார்க்க வேண்டும். அளவு வந்தபின் டிராக்கை முன்னும் பின்னும் சில சுற்று ஓட்டி மீண்டும் அளக்க வேண்டும். முதல் அளவோடு நிறுத்துவதே இங்கு அதிகம் காணும் தவறு. ஓட்டும்போது டிராக் தன் இடத்தில் அமர்ந்து, அளவு மாறிவிடும்.

தளர்த்தும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. சிலிண்டருக்குள் கிரீஸ் மிகப் பெரிய அழுத்தத்தில் இருக்கிறது. வால்வை ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரைச் சுற்று மட்டும், பக்கத்தில் நின்றபடி, முகத்தையும் கையையும் அதற்கு நேரே கொண்டுபோகாமல், மெதுவாகத் திறக்க வேண்டும். கிரீஸ் வரவில்லை என்று வால்வை முழுவதும் கழற்றக் கூடாது. நிப்பிளைக் கழற்றி அழுத்தத்தை விடுவிக்கவும் கூடாது. இரண்டுமே தோட்டாவைப் போல் பாய்ந்து ஆளைக் கொல்லக்கூடியவை. வராவிட்டால் வால்வை மூடிவிட்டுப் பணிமனையை அழைப்பதே வழி.

தளர்ந்த டிராக், திரும்பும்போதும் சரிவிலும் கழன்றுவிடும். பாரம் ஏறும்போது ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் டிராக்கின் பற்களைத் தாண்டிக் குதித்து அவற்றைப் பிய்க்கும். அதனால் சற்றுக் கூடுதலாகவே இறுக்கி வைப்போம் என்று எண்ணுபவர்கள் பலர். கூடுதல் இறுக்கம் ஐட்லர் பேரிங்கையும் ஃபைனல் டிரைவையும் ஓயாமல் இழுக்கிறது, ஸ்ப்ராக்கெட்டை விரைவாகத் தேய்க்கிறது, எஞ்சின் சக்தியில் ஒரு பகுதியை வீணாக்குகிறது. ஒரு பக்கம் மட்டும் மீண்டும் மீண்டும் தளர்ந்தால், இறுக்குவதை நிறுத்திவிட்டு, இறுக்கு சிலிண்டரின் சீலும் வால்வும் கிரீஸைக் கசியவிடுகின்றனவா என்று பாருங்கள்.

இதே வேளையில் தேய்மானத்தையும் பார்த்துவிட வேண்டும். ஸ்ப்ராக்கெட்டின் பல் சுறாவின் துடுப்பைப்போல் ஒரு பக்கம் வளைந்து கூர்மையானால் அதன் காலம் முடிந்தது. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டின்மேல் புதிய டிராக்கைப் போட்டால், அந்தப் பல் புதிய டிராக்கைத் தன் தேய்ந்த வடிவத்துக்குத் தேய்த்துவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதே முடிவில் செலவு குறைந்தது. ஒரு ரோலர் கையால் சுழலவில்லையென்றால், அல்லது அதன் ஓரத்தில் ஆயில் ஈரம் தெரிந்தால், அந்த ஒன்றை மட்டும் இப்போதே மாற்றுங்கள். ஸ்ப்ராக்கெட், ரோலர் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்ப்பதும் இங்கேதான்.

டிராக்கின் ஆயுளில் பெரும் பங்கு ஓட்டும் முறையைச் சார்ந்தது. கான்கிரீட்டிலும் தார்ச்சாலையிலும் நின்ற இடத்திலேயே சுழற்றித் திருப்பினால் ரப்பர் சுரண்டப்பட்டுப் போகும். முன்னே, பின்னே, மீண்டும் முன்னே என்று மூன்று அசைவில் திரும்பினால் அந்தத் தேய்மானம் பெருமளவு குறையும். படி, கரை, உடைந்த சுவர் ஆகியவற்றின்மேல் கோணலாக ஏறினால் டிராக்கின் ஓரம் மடங்கி வெட்டுப்படும். நேராகவே ஏற வேண்டும்.

10. ஹைட்ராலிக் ஹோஸ்களும் கப்ளிங்குகளும்

ஹோஸ்ஸை ஆராயும்போது கையை அதன்மேல் ஓட்டிக் கசிவைத் தேடாதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் ஆயில் கண்ணுக்குத் தெரியாது. கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியில் சிறு புள்ளி மட்டுமே தெரிந்தாலும் உள்ளே திசு அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும். வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் ஏறியது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட, கண்ணாடி அணிந்து, அட்டைத் துண்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்து நகர்த்துங்கள். அட்டை நனைந்த இடமே கசிவு.

ஹோஸ்ஸின் வெளி ரப்பர் உரசி உள்கம்பி தெரிந்தால், அது வெடிக்கும்வரை காத்திருக்காமல் மாற்ற வேண்டும். புதியதைப் பொருத்தும்போது பழையது சென்ற வழியிலேயே, முறுக்கு விழாமல், பழைய கிளாம்ப்புகளோடு கொண்டுசெல்லுங்கள். கிளாம்ப்பைப் போடாமல் விட்டதே அடுத்த உரசலின் தொடக்கம்.

ஆயிலுக்குள் அழுக்கு போகும் வழிகளில் முதன்மையானது, பிரேக்கர் (உடைக்கும் கருவி), ஆகர் (குழி துளைக்கும் கருவி) போன்ற கருவிகளை மாட்டும் குவிக் கப்ளிங்குகள். கழற்றிய ஹோஸ்கள் மண்ணில் கிடந்து, துடைக்கப்படாமலே மீண்டும் மாட்டப்படுகின்றன. இரு முனைகளையும் துடைத்து மாட்டுவதும், கழற்றியதும் மூடி போடுவதும் அரை நிமிட வேலை. மாட்ட முடியாமல் இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது, அதைக் கையேட்டின் முறைப்படி விடுவித்தாலே மாட்டிவிடும்.

11. ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் வரிசை

எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரைப் பார்த்தே இவை நடக்க வேண்டும். பொதுவாக 250 அல்லது 500 மணியில் எஞ்சின் ஆயிலும் அதன் ஃபில்டரும், 500 மணியை ஒட்டி ஹைட்ராலிக் ஃபில்டர்களும், 1000 மணியை ஒட்டி ஹைட்ராலிக் ஆயிலும் ஃபைனல் டிரைவ் ஆயிலும் மாற்றப்படும். புதிய இயந்திரத்தில் முதல் மாற்றம் மட்டும் இவற்றைவிட முன்னதாகவே வரும். பற்கள் ஒன்றோடொன்று படியும்போது உதிரும் உலோகத் துகளை வெளியேற்றுவதற்காக அது வைக்கப்பட்டிருக்கிறது, தவறவிடக் கூடாது.

எஞ்சின் ஆயிலை எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்க வேண்டும். குளிர்ந்த ஆயில் கசடை அடியில் விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் தரும். டி.பி.எஃப். உள்ள எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த சி.கே.-4 தர ஆயில் வேண்டும். நம் வெப்பநிலைக்கு 15 டபிள்யூ-40 என்ற பிசுக்குத்தரம் பொதுவாகப் பொருந்தும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, புதியதை அதன்மேல் ஏற்றினால் தொடங்கியதும் ஆயில் முழுவதும் பீறிட்டுப் போகும். புதிய வளையத்தில் ஆயில் தடவி, தொட்டபின் ஃபில்டரின்மேல் அச்சிட்டுள்ள அளவு மட்டும் கையால் திருக வேண்டும்.

டீசல் ஃபில்டரை மாற்றும்போது, காமன் ரெயில் (உயர் அழுத்தப் பொதுக்குழாயிலிருந்து டீசல் தெளிக்கும்) எஞ்சினில் புதிய ஃபில்டருக்குள் டீசலை ஊற்றி நிரப்பிப் பொருத்தக் கூடாது. வடிகட்டப்படாத அந்த டீசல் நேரே இன்ஜெக்டருக்குப் போகும். காலியாகப் பொருத்தி, பிரைமிங் பம்ப்பால் ஏற்ற வேண்டும்.

கழற்றிய ஹைட்ராலிக் ஃபில்டரை எறிவதற்கு முன் வெட்டிப் பாருங்கள். பித்தளை நிறத் துகள் இருந்தால் பம்ப்போ மோட்டாரோ உள்ளே தேய்கிறது. கறுப்பு ரப்பர்த் துணுக்கு இருந்தால் சீலோ ஹோஸ்ஸோ சிதைகிறது. பம்ப் முழுவதும் போவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை இதுவே.

ஃபைனல் டிரைவில் டிராக்கை மெதுவாக நகர்த்தி, வடிகால் பிளக் கடிகாரத்தின் 6 மணி நிலைக்கும் அளவு பிளக் 3 அல்லது 9 மணி நிலைக்கும் வருமாறு நிறுத்தி, மேல்பிளக்கை முதலில் தளர்த்தி வடிக்க வேண்டும். அளவு பிளக்கின் விளிம்பு வரை வந்தால் நிரம்பியது. வடித்த பழைய ஆயில்களை மண்ணிலோ கால்வாயிலோ விடக் கூடாது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின்கீழ் பழைய ஆயில் வருகிறது, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்க வேண்டும்.

12. பக்கெட்டுக்கு வெல்டிங் வைக்கும்போது

பக்கெட் பல், விளிம்புத் தகடு ஆகியவற்றை வண்டியிலேயே வைத்து வெல்டிங் செய்வது நம் பக்கம் வழக்கம். முடிந்தவரை பக்கெட்டைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். முடியாதபோது பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கையேடு சொல்லும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்புகளையும் எடுத்துவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு மிக அருகில், அதே பக்கெட்டில் போட வேண்டும். கிளாம்ப் சேசிஸில் இருந்தால் மின்சாரம் பின்கள், சிலிண்டர், பேரிங் வழியே ஓடி அவற்றின் பரப்பில் குழி விழச் செய்யும்.

13. மழைக்காலத்தில் நீண்ட நாள் நிறுத்துவதானால்

வடகிழக்குப் பருவமழையில் வேலை நின்று வண்டி வாரக்கணக்கில் நிற்பதானால், முன்பு சொன்ன மாலை வேலைகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, டீசலை முழுவதும் நிரப்பி, சேற்றிலோ தேங்கும் தண்ணீரிலோ அல்லாமல் பலகையின்மேலோ ஜல்லித் தரையிலோ நிறுத்த வேண்டும். வெளியே நீண்டிருக்கும் சிலிண்டர் ராடுகளில் மெல்லிய கிரீஸ் பூசுங்கள்; ராடில் விழும் துருப்புள்ளி அடுத்த அசைவிலேயே சீலைக் கிழிக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, புகைக்குழாயின் வாயை மூடி, மூடியதை ஸ்டார்ட்டர் சாவியில் கட்டிய சீட்டில் எழுதி வைக்க வேண்டும்.

திரும்பவும் ஓட்டும் நாளில் முதலில் எலிக்கூடு பாருங்கள். ஏர் ஃபில்டர் உறை, ஒயரிங், ஃபேன் உறை மூன்றும் அவற்றுக்குப் பிடித்த இடங்கள். பிறகு சிலிண்டர் ராடில் பூசிய பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, வாட்டர் செப்பரேட்டரை வடித்து, 6ஆம் பகுதியின் வரிசையை முழுவதும் முடித்தபின், ஐடிலில் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பாரமில்லாமல் கைகளை மேலும் கீழும் சில முறை மெதுவாக அசைத்து, டிராக்கைச் சில மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி, மீண்டும் நிறுத்தி ஹைட்ராலிக் அளவைப் பார்த்துவிட்டு வேலைக்கு அனுப்ப வேண்டும்.